தளபதியின் முதுகு

நாடகக் குழுவின் தையல் அறைச் சுவரில் ஓவியர் பூரணி வரைந்த தாள் ஒட்டியிருந்தது. தளபதி வேடத்துக்கான உடையை முன்னும் பின்னுமாக இரண்டு படங்களில் வரைந்திருந்தார். முன்பக்கம் நிறையப் பதக்கங்கள். முதுகிலோ ஏழு கிழிசல்கள்.

தைத்து முடித்த உடையிலும் அதே ஏழு கிழிசல்களைப் பார்த்த ஊசிக்குப் பொறுக்கவில்லை. "இப்படியே மேடைக்கு அனுப்பினா என் மானம் என்னாகறது?" என்று ஏழையும் தைத்து மூடிவிட்டது.

"அடப்பாவி, அந்த ஆளையே அழிச்சிட்டியே," என்றது தாள். "அவர் ஏழு சண்டைக்குப் போனவர். ஏழு வெட்டும் எங்கே விழுந்திருக்குன்னு பாரு."

ஊசி ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் நூலே நழுவிவிட்டது. நாடகம் தொடங்க அரைமணிதான் இருந்தது. போட்ட தையலை எல்லாம் தானே குத்திக் குத்திப் பிரித்தது.

மேடையில் தளபதி மார்பைத் தட்டித் தன் வீரத்தைப் பேசினார். சபை வாய் பிளந்து கேட்டது. பேசி முடித்துவிட்டு, கம்பீரமாகத் திரும்பி நடந்தார்.

கொட்டகையே குலுங்கியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் சுவரில் புதிய தாள் வந்தது. அதில் ஒரு ராணி, முன்பக்கம் மட்டும். ஊசி நூல்கூடக் கோக்காமல் ஓடிவந்து நின்றது.

"மகாராணி, கொஞ்சம் திரும்பி நில்லுங்க."