எல்லை வருவதற்குள்

இதை எனக்குச் சொன்னது மெஹருன்னிசாவேதான், மக்காவுக்கு உம்ரா யாத்திரை முடித்து வந்து பேரீச்சம்பழம் கொடுக்க வந்த அன்றைக்கு.

புறப்படும் முன் எல்லாரிடமும் மன்னிப்பு கேட்டாக வேண்டும். ஒருத்தர் மனசிலும் தன்னால் குறை நிற்கக் கூடாது. தெரு முழுக்கக் கேட்டு முடித்துவிட்டாள். மிச்சம் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள்தான். போன மாசம் தண்ணி மோட்டாருக்காக இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்கள்.

வாசலில் கார். கணவர் சுக்கூர் பாய் யாத்திரைக்கான இஹ்ராமின் இரண்டு வெள்ளைத் துணியையும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள் சவரியம்மாள்.

மெஹர் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். "சவரி, அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சிக்காத. மாப்பு பண்ணிடு."

சவரியம்மாள் நாலடி பின்னால் போனாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரிக்கா, சரிக்கா. நேரமாவுது, கெளம்புங்க."

வண்டி தண்டலத்தைத் தாண்டியது. கார் ஓட்டியது சவரியம்மாளின் மகன் டென்னிஸ். அவன் காதில் விழட்டும் என்றேதான் ஆரம்பித்தாள்.

"இன்னா நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? அல்லாஹ் வூட்டுக்குப் போறவளுக்கு ஒரு கை குடுக்க மனசு வரல. இந்தப் பாரத்தோட நான் எப்படிங்க உம்ராவுக்குன்னு மனசுல நிய்யத் வெப்பேன்?"

டென்னிஸ் வேகத்தைக் குறைத்தான்.

"பெரிம்மா, அம்மாவுக்கு இப்ப கார் சென்ட் பேக் பண்ற லைன்ல வேலை. எத்தினி சோப்பு போட்டாலும் கையில வாசனை போவாது. இஹ்ராம்ல வாசனையே ஆகாதுன்னு பெரிப்பாதான் சொன்னாராமே? உங்க மேல பட்டுட்டா பயணமே கெட்டுடும்னு பயந்துகினு நின்னுச்சு."

சுக்கூர் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாதிதான் சொல்லியிருக்கேன் மெஹர்! பிளேன் மீக்காத் எல்லைகிட்ட போறப்பதானே நிய்யத் வெச்சு இஹ்ராமுக்குள்ள போறோம். அதுவரைக்கும் இது வெறும் வெள்ளைத் துணி. அவ தாராளமா தொட்டிருக்கலாமே!"

மெஹர் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தாள். பிளேனுக்கு நேரம் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லை இன்னும் வரல. டென்னிஸு, வண்டியக் கொஞ்சம் திருப்புப்பா."