கல் ராஜாவிடம் ஒரு முறையீடு

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, மாமனார் காதில் விழும்படி சாயர் வாய் திறந்தாள். அதுவும் படா பாகில், ராஜாக்களின் நினைவு மண்டபங்களுக்கு நடுவில், சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேர் முன்னால்.

லூணகரண் புரோகிதர் வீட்டில் மருமகள் மாமனாரிடம் பேசக்கூடாது. அவர் எதிரில் முக்காட்டைத் தூக்கக்கூடாது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மகனிடம் சொல்வாள். அவன் போய்த் தாத்தாவிடம் சொல்வான்.

அன்று பழைய ராஜா மகாராவலின் திதி. குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் கல் ராஜாவை நீராட்டி, நெற்றியில் திலகம் வைப்பது லூணகரண் குடும்பத்தின் உரிமை. நாற்பத்தொரு வருஷமாக அவர் கைதான் வைத்தது.

திலகம் வைப்பவருக்கு அங்கத்தில் ஒரு குறை வந்துவிட்டால் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அந்தப் பங்காளி, அவருடைய சித்தப்பா மகன் மேக்ராஜ்.

லூணகரணுக்கு இரண்டு வருஷமாகக் கண் தெரியாது. நரம்பு காய்ந்துவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று ஜோத்பூர் டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டு சமாளித்தார். வாசலிலிருந்து மண்டபம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. மேலே ஏழு படி. கல்லின் உடைந்த மூலையிலிருந்து ராஜாவின் நெற்றி மூன்று சாண். தன் குறை ஒருவருக்கும் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நூற்று நாற்பதாவது அடியில் ஒரு சுற்றுலாக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"பாபாஜி, இந்தத் தலைப்பாகையோட ஒரு போட்டோ."

"போப்பா அந்தப் பக்கம்."

அதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. நூற்று நாற்பதா, நூற்று ஐம்பதா? நின்று யோசித்தால் மேக்ராஜ் கவனித்துவிடுவான். குத்துமதிப்பாக நடந்து, தட்டுப்பட்ட முதல் படியில் காலை வைத்தார்.

"அண்ணா, அங்கே எங்கே..." என்று மேக்ராஜ் ஆரம்பித்தான்.

அப்போதுதான் இடது பக்கமிருந்து, தண்ணீர்ச் சொம்போடு முன்னால் போயிருந்த சாயரின் குரல் கிளம்பியது.

"அன்னதாதா, ஊருக்கே சோறு போட்ட ராஜா, எனக்கொரு நியாயம் சொல்லுங்க. பதினோரு வருஷமா என் வாயைக் கட்டி வெச்சிருக்காங்க. நல்லது கெட்டது சொல்ல முடியலை. நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "முக்காட்டுக்குள்ள இவ்வளவு நீள நாக்கு இருந்திருக்கு, பாரேன்."

"கல்லுகிட்டதானே முறையிடறா, அண்ணாகிட்ட இல்லையே," என்றான் மேக்ராஜ். "வழக்கப்படி தப்பில்லை."

யாரோ சிரித்தார்கள்.

லூணகரணுக்கு உடம்பு பற்றி எரிந்தது. காலைப் படியிலிருந்து எடுத்தார். தடியை ஊன்றிக்கொண்டு, குரல் வந்த திசையில் நேராக நடந்தார். சாயர் நிறுத்தவில்லை. அவர் பக்கத்தில் வர வர இன்னும் உரக்கப் பேசினாள். அவர் கோபத்தோடு படி ஏறினார். ஐந்து, ஆறு, ஏழு. நீட்டிய கை கல்லில் பட்டது.

அவள் பேச்சு சட்டென்று நின்றது.

கைக்குக் கீழே அந்த உடைந்த மூலை இருந்தது. சரியான மண்டபம். மகாராவலே வழிகாட்டிவிட்டார் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சிலும் கோபம் குறையவில்லை.

"மேக்ராஜ், அவகிட்ட சொல்லு. மூணு மணி பஸ்ஸுல போக்ரண் போகட்டும், அப்பா வீட்டுக்கு. நான் கூப்பிடற வரைக்கும் திரும்பி வர வேண்டாம். பையன் இங்கேயே இருக்கட்டும்."

"அண்ணா, அது ஏதோ தெரியாம..."

"சொல்லுன்னா சொல்லு."

யாரும் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. தண்ணீர்ச் சொம்பைக் கல்லின் காலடியில் வைக்கும் ஓசை கேட்டது. அவள் இறங்கிப் போனாள்.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. நீர் வார்த்தார். மூன்று சாண் அளந்து, விரலை வைத்தார். திலகம் ராஜாவின் நெற்றி நடுவில் அச்சுப்போல் விழுந்தது.

"இந்த வயசிலும் கை இம்மி பிசகலையே அண்ணா," என்றான் மேக்ராஜ். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "நாங்க கீழே போய்ச் சாப்பாட்டுக்குப் பந்தி போடறோம். வாங்க."

எல்லோரும் இறங்கினார்கள். தான் தடவித் தடவி இறங்குவதை யாரும் பார்க்கக்கூடாது என்பதால், ஜபம் செய்வதுபோல் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தூரத்துச் சாலையில் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. தொலையட்டும் என்று நினைத்தார்.

படியேறி யாரோ வந்தார்கள்.

"நான்தான் ஐயா, காவல்காரன் பீராராம். உங்க மருமக அனுப்பினாங்க."

"எதுக்கு?"

"நீங்க இறங்கும்போது நான் முன்னாடி போகணுமாம். செருப்பைத் தரையில தேய்ச்சு, சத்தம் கேட்கற மாதிரி நடக்கணுமாம். கையை மட்டும் பிடிச்சிடாதே, நாலு பேர் பார்ப்பாங்கன்னாங்க."

லூணகரண் தடியைக் கையில் எடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை ஐயா. இதென்னம்மா கூத்துன்னு கேட்டேன். 'வீட்டில ரெண்டு வருஷமா நான் அப்படித்தான் நடக்கறேன்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க."