குறை சொல்லாத பக்கம்

"தண்ணி இன்னும் காயலையா?" குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அடுப்புக்கு நான் லஞ்சமா குடுக்க முடியும்? காயறப்ப காயும்."

காய்ந்ததும் அவள் இறக்கினாள். துணியைச் சுற்றிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்கையில் வழியெல்லாம் சிந்தியது. அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பில் துண்டோடு, அரசர் மாதிரி உட்கார்ந்திருந்தார் அவள் வீட்டுக்காரர். எலக்ட்ரீசியன். அந்தத் தெருவில் பாதி ஹீட்டர் அவர் மாட்டியது. மீதி அவர் ரிப்பேர் பார்த்தது. சொந்த வீட்டு ஹீட்டர் மட்டும் அவர் தலைக்கு நேர் மேலே செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பின் தெரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்று அது செத்த அன்றே கேட்டாள்.

"என் வீட்டு ஹீட்டர்ல அவன் கை வைக்கிறதா? நான் இன்னும் சாகல. என் கை வரட்டும். நானே பார்த்துக்கிறேன்."

கை எங்கே வந்தது? பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் அவருடையதாகவே இல்லை. டாக்டர் பாதத்திலும் விரலிலும் ஊசியால் குத்துவார். "தெரியுதா?" என்பார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு "இல்ல" என்பார். முதலில் உணர்ச்சி வரணும், அப்புறம்தான் அசைவு, வேலையெல்லாம் அதற்கும் அப்புறம் என்று சொல்லி அனுப்புவார் டாக்டர்.

கருவிப் பை மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைக்க விடமாட்டார்.

அதனால் இவள் குண்டான் தூக்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. இன்று காலை, குழாயைச் சத்தமாகத் திறந்து வைத்துக்கொண்டு, மெக்கானிக்குக்குப் போன் செய்தேவிட்டாள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"இன்னைக்காவது ஒழுங்கா விளாவு. நேத்து ஐஸ் தண்ணி. அதுக்கு முந்தி கோழி உரிக்கிற தண்ணி. ஒரு வாளித் தண்ணிய விளாவத் தெரியல உனக்கு."

"உங்க ஹீட்டருக்குக் குமிழ் இருந்துச்சு, திருகினீங்க. எனக்கு எங்க இருக்கு குமிழ்? இருந்தா திருகுங்க!"

"வாய் மட்டும் நல்லா கொதிக்குது."

குண்டானை அப்படியே வாளியில் கவிழ்த்தாள். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போன நேரம் வாசல் மணி அடித்தது.

அதற்குள் வந்துவிட்டானா! அந்தப் பதற்றத்தில் குழாயைத் திறக்க மறந்தாள்.

"யாரு?" என்றார்.

"யாரா இருந்தா என்ன? நீங்களா போய்த் திறக்கப் போறீங்க?"

சொம்பை முக்கி, எப்போதும் போல இடது பாதத்தில் ஊற்றினாள். இடது பக்கம்தான் எப்போதும் முதலில். அந்தப் பக்கம் குறை சொல்லாது.

"ஐயோ! சுடுதுடி, பாவி!"

"சுடட்டும்! நேத்து ஜில்லுன்னு இருந்துச்சுன்னு ஊரைக் கூட்டினீங்க. இன்னைக்குச் சுடுதாம். ஒரு மனுஷி என்னதான் பண்ணுவா? நான் என்ன..."

வாய் அதன் பாட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, நின்றது.

அவர் பாதத்தைப் பார்த்தாள். இலேசாகச் சிவந்திருந்தது. இடது பாதம்தான்.

ஆவியைப் பார்த்துக் கத்தியிருப்பார். அதுதான். வேறென்ன?

இடுப்பிலிருந்த துண்டைப் பிடுங்கி அவர் முகத்தில் போட்டாள்.

"ஏய், என்னடி..."

குழாயில் சொம்பைப் பிடித்து, சத்தமில்லாமல் அதே பாதத்தில் சாய்த்தாள்.

"பச்சத் தண்ணியவா ஊத்துற? அதுவும் முகத்துல துண்டப் போட்டு! நான் என்ன பொணமா?"

அவள் குழாயை வாளிக்குள் திறந்துவிட்டாள்.



பிறகு துண்டு மெதுவாக நழுவியது. அவர் குனிந்து, வலது கையால் அந்தப் பாதத்தை, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலத் தொட்டுப் பார்த்தார்.

மணி மறுபடியும் அடித்தது.

ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். பின் தெரு மெக்கானிக், தோளில் பையோடு.

"ஹீட்டர் ஓடலன்னு போன் பண்ணீங்களேக்கா."

"ஆமா, ஓடல. ஆனா வேண்டாம்ப்பா. எங்க வீட்டுக்காரரே பார்த்துக்குவாரு."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். தெருவுக்கே தெரிந்த விஷயம்தானே. குரலைத் தாழ்த்தினான். "அண்ணனுக்குக் கை இன்னும்... ரொம்ப நாள் ஆகுமேக்கா."

"ஆகட்டும். அதுவரைக்கும் அடுப்பு இருக்கு, நான் இருக்கேன்."

 கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "வாசல்ல என்னடி கதை? இடது காலைத் தூக்கி வாளிக்குள்ள வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். தண்ணி ஆறிப்போச்சு! அந்தக் காலுக்கே தெரியுது!"

"போச்சு, போ," என்றாள் அவள் மெக்கானிக்கிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுவரைக்கும் ஒரு பக்கம்தான் குறை சொல்லிட்டிருந்துச்சு."