கேடயத்தின் எடை

தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தையல்காரம்மா கேட்டது, வகுப்புக்கு ஒழுகாத கூரை. அறக்கட்டளைத் தலைவர் கொடுத்தது, ‘சிறந்த தெருத் தலைவி’ என்று ஒரு வெள்ளிக் கேடயம்.

“கூரை துருப்பிடிச்சுடும்மா. கௌரவம் துருப்பிடிக்குமா?” என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது; அவரே தட்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கேடயத்தைத் துணிப்பையில் ஒளித்து, அதைச் செய்த கடைக்கே போனாள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா? கூரைக்குத் தகரம் வாங்கணும்.”

கடைக்காரர் பேரம் பேசாமல் முழு விலையையும் கொடுத்தார்.

“நீ ஒண்ணும் முதல் ஆள் இல்லம்மா” என்று திருப்புளியால் அவள் பெயர்த் தகட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில், பக்கத்துத் தெருக் குழாய்க்காரரின் பெயர். அதற்கும் அடியில், பால்காரம்மாவின் பெயர்.

“எல்லாருக்கும் இதே கேடயமா?”

“மூணு வருஷமா இது ஒண்ணுதான். அந்தத் தெருவுக்குக் குழாய் வந்துச்சு, பால்காரம்மா தெருவுக்கு விளக்கு வந்துச்சு. இப்போ உன் கூரை.”

“ஐயோ, தலைவருக்குத் தெரிஞ்சா?”

அப்போது தொலைபேசி ஒலித்தது. தலைவரேதான்.

“அடுத்த வருஷத்துக்கும் புதுசா ஒண்ணு செஞ்சு வைய்யா. எடை கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்.”

“வருஷா வருஷம் கூடிக்கிட்டேதாங்க இருக்கு” என்றார் கடைக்காரர், அவள் தகட்டை மறுபடி இறுக்கித் திருகியபடி.