எதிரே உட்கார்ந்தவர்

"மூட்டைய இறக்க வேண்டாம். லோடோடவே வெச்சு லைட்டைப் பாருங்க" என்றார் கண்ணாடி போட்டவர்.

லைட் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஹெட்லைட் மாற்ற வருகிறவர்கள் யாரும் வண்டி நிறைய சிமென்ட் மூட்டையோடு வந்ததில்லை. காலி வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி, சுவரில் போட்டு வைத்த கோட்டில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார். அதில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்தப் பழைய பிக்கப்பையும் அதை ஓட்டுகிற வண்டிக்காரரையும் அவருக்கு நன்றாகத் தெரியும். அழுது வடிந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, போன வருஷம் வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. போட்டுக் கொடுத்ததே மாஸ்டர்தான். அன்றைக்கு வண்டிக்காரர் சந்தோஷத்தில் அவர் கையை விடவே இல்லை. இன்றைக்கு ஆள் இளைத்துப்போய், வந்ததிலிருந்து வாயைத் திறக்காமல் நின்றார். பேச்செல்லாம் கூட வந்த கண்ணாடிக்காரருடையதுதான்.

வண்டி கைமாறப் போகிறது, இவர் வாங்க வந்தவர் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்வான். அதற்காகத் தன் கைவேலையில் குறை கண்டுபிடித்தால் எரிச்சல் வராதா?

"இப்ப இருக்கற லைட்டுக்கு என்ன சார் குறை? ரோட்டுல ஊசி கிடந்தாக்கூடப் பொறுக்கி எடுத்துடலாம்."

"ஓட்டுறவருக்குத் தெரியும். எதிர்ல வர்றவங்களுக்கு?"

கண்ணாடிக்காரருடைய சின்ன மகள் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறாளாம். இந்த வண்டி சிமென்ட் ஏற்றிக்கொண்டு போகிற அதே ரோட்டில், இருட்டின பிறகு ஸ்கூட்டரில் தனியாக வருகிறாளாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். வண்டி எதிரே வரும்போது அவளுக்குக் கண் கூசக் கூடாது, தனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்றார். பெண்ணைப் பெற்றவர் பயப்படுவது நியாயம்தானே என்று மாஸ்டர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இருக்கிற லைட்டைக் கழற்றுமுன் ஒருதரம் போட்டுக் காட்டச் சொன்னார் கண்ணாடிக்காரர். ஷட்டரை இறக்கியதும் ஷெட் இருட்டாகிவிட்டது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்து வண்டிக்கு எதிரே போட்டார். ஸ்கூட்டர் சீட்டின் உயரம் இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டிக்காரர் ஏறி, டிம்மில்தான் போட்டார். அதுவே நேராகப் போய் எதிரே இருந்தவர் முகத்தில் அடித்தது. பின்பாரத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். போன வருஷமே நாலு மூட்டை ஏற்றிப் பார்த்திருக்கலாமோ என்று உள்ளுக்குள் உறுத்தியது.

"நேரா பார்க்காதீங்க சார், கண்ணு போயிடும். தள்ளி உக்காருங்க."

அவர் அசையவில்லை. கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கவும் இல்லை. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று மாஸ்டருக்குச் சிரிப்புக்கூட வந்தது. வண்டிக்காரர்தான் தாங்க முடியாமல் லைட்டை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"ரோடும் தெரியல. ஓரமும் தெரியல" என்றார் கண்ணாடிக்காரர், யாரிடம் என்றில்லாமல்.

பழைய பல்புக்காகச் செய்த டூம் கிண்ணத்துக்குள் எல்.இ.டி.யைச் செருகினால், அந்தக் கிண்ணம் வெளிச்சத்தைக் கண்ட பக்கமெல்லாம் வாரி இறைக்கும். மாஸ்டருக்கு இது தெரியாததல்ல. கேட்டவர்கள் பிரகாசமாகக் கேட்டார்கள், கொடுத்தார். இப்போது டூமையே மாற்றி, வெளிச்சத்தை ஒரு மட்டத்துக்கு மேல் ஏறவிடாத லென்ஸ் செட்டை மாட்டினார். லோடோடு வைத்தே திருகைத் திருப்பித் திருப்பி இறக்கினார். ஒவ்வொரு தரமும் கண்ணாடிக்காரர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் என்றார். மாஸ்டரும் சலித்துக்கொள்ளாமல் இறக்கினார். கடைசியில் வெளிச்சம் அவர் மார்புக்குக் கீழே வந்து நின்றது.

"இப்ப ரோடு தெரியுது" என்று எழுந்தவர், முகம் கழுவ வெளியே குழாயடிக்குப் போனார். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் வண்டிக்காரர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். முதலில் கோபம் வந்தது உண்மைதான், ஆனாலும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷனைத் தான் கண்டதில்லை என்றார்.

"விலையெல்லாம் பேசி முடிச்சாச்சா தம்பி? இவர் கைக்குப் போனா வண்டி நல்லா இருக்கும்."

"அவர் வண்டி வாங்க வரல மாஸ்டர்." வண்டிக்காரர் குழாயடியைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க போட்ட அந்த லைட்டுல கண்ணு கூசித்தான், எதிர்ல வந்த அவரோட பெரிய பொண்ணு பாலத்துச் சுவர்ல ஸ்கூட்டரோட மோதிச் செத்துப்போச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். 'அத அப்புறம் கேளு, முதல்ல வந்து லைட்டை மாத்து'ன்னு சொல்லிட்டாரு."