விரலைத் தேடிய கொடி

ஐம்பத்திரண்டு நாட்களாக அந்தக் கண்ணாடிக் குப்பிகள் வெள்ளை விளக்கொளியில் அடுக்கடுக்காக நின்றன. ஒவ்வொன்றிலும் ஊட்டச்சத்துக் கூழின் மேல் விரல் உயரத்துக்கு ஒரு கோவைக்கொடி. இறந்துபோன மகள் பூவிழி நட்ட கொடி தேமல் நோயில் கருகத் தொடங்கியதும், அதன் கடைசிக் கொழுந்தை ஈரத்துணியில் சுற்றித் திசு வளர்ப்புக் கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தவள் செங்கமலம். அதை மறுபடி வீட்டில் நட, இன்று வாங்கிப்போக வந்திருந்தாள்.

"அவ விரல நீட்டுனா மோதிரமாச் சுத்திக்கும் கண்ணு. நான் நீட்டுனா திரும்பிக்கூடப் பாக்காது. அவள மாதிரியே திமிரு புடிச்சது," என்று சிரித்தாள்.

கூடத்தில் வேலை செய்யும் நிறைமதி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாரந்தோறும் போனில் "நல்லா வருதும்மா" என்று மட்டுமே சொல்லிவந்தவள் அவள்.

செங்கமலம் ஒரு குப்பியின் மேல் விரலை வைத்தாள். காற்று நுழையாத அறை அது. உள்ளே சுருண்டிருந்த கொடியின் பற்றுக்கம்பி மெல்ல நிமிர்ந்து, கண்ணாடியைத் தடவிக்கொண்டு வந்து விரலுக்கு நேராக நின்றது. விரலை நகர்த்தினாள். அதுவும் நகர்ந்தது. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும், மூடிய குப்பிகளுக்குள், எல்லாக் கம்பிகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"வந்துட்டா பாரு. இப்பவாச்சும் எங்கிட்ட வர்றா."

குப்பியை எடுத்து நெஞ்சோடு அணைக்கப்போனாள். நிறைமதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க குடுத்த கொழுந்து மூணாம் நாளே பூஞ்சை புடிச்சுச் செத்துப்போச்சு. இது எங்க காம்பவுண்டுச் சுவருல தானா மொளைச்ச கொடி."