படகு இறங்காத நாள்

குப்பத்துப் படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. காற்று அடங்கிய காலை. கடலுக்குப் போக நல்ல நாள்.

சுவேதாவின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது.

கடலடி நீரோட்டத்தில் மின்சாரம் எடுக்க அவளது ஆய்வுக் குழு இறக்கிவைத்த டர்பைன், ஒரு நங்கூரக் கயிறு அறுந்து சாய்ந்திருந்தது. மற்றதும் அறுந்தால் பாறையில் மோதி உடையும். இன்னொன்று தர மாட்டோம் என்று மேலிடத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

ஆய்வுக் குழுவின் தலைவர் வாசுதேவன் செங்கல்பட்டிலிருந்து நேராகக் கரைக்கு வந்திருந்தார். விடியற்காலையில் அவர் போன் செய்தபோது, ஊரில் ஒரு சாவு, படகு போகாது என்று மட்டும் அவள் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"ஒரே ஒரு படகு போதுங்க," என்று படகுக்காரர் காத்தவராயனிடம் கெஞ்சினார் அவர்.

"சாவு எடுக்கிற வரைக்கும் எந்தப் படகும் தண்ணி தொடாது சார். மீனுக்கே லீவு வுட்டுகீறோம், உன் ஃபேனுக்கு இன்னா அவசரம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"நின்னுபோனா பரவாயில்லை. அடிச்சிட்டுப் போயிடும். இந்தப் பொண்ணு படிச்சது, உழைச்சது எல்லாம் அதுலதான் இருக்கு."

காத்தவராயன் சுவேதாவைப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார்.

"சாவு வூட்டுக்காரங்க வாயத் தொறந்து போங்கன்னு சொன்னா போலாம். நாங்களா போய்க் கேக்க மாட்டோம்."

"யார் வீடும்மா அது? நீ பேசிப் பாரேன். உன் ஊர்தானே?" என்று வாசுதேவன் சுவேதாவிடம் கேட்டார்.

கரையில் நின்றவர்கள் சுவேதாவைப் பார்த்தார்கள். வாசுதேவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்குள்ளிருந்து மேளச் சத்தம் வந்தது.

போனில் மீதிக் கயிற்றின் இழுவிசை காட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"போங்க மாமா," என்றாள் சுவேதா.

காத்தவராயன் தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். படகு இறங்கியது.

"பார்த்தியா, நீ சொன்னா கேக்குறாங்க," என்றார் வாசுதேவன்.

சாயங்காலம் டர்பைன் கரைக்கு வந்தது. இறக்கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அதுவரை சுவேதா பந்தலுக்குள் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் ஓய்ந்துபோய் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பாவைத் தூக்க வேண்டியவர்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள்.